அன்பு அக்கா வெ. முத்துமீனா

சினிமாவில் நடிக்கிறவர்களிடம் கேட்பதற்கென்றே யாரோ பத்துக் கேள்விகளை அச்சடித்து வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. அதில் மூன்றாவதோ நான்காவதோ, "நடிப்பை எங்க கத்துக்கிட்டீங்க?" என்பது. முத்துமீனாவிடமும் கேட்டார்கள். "மதுரையில ஒரு நாடகக் குழுவில" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அது பொய் இல்லை. நாடகக் குழுவில் சேர்ந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. ஆனால் அதற்குப் பதிமூன்று வருஷம் முன்பே அவளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்து, முகத்தைத் திருத்தி, நெற்றிக்கு ஒப்பனையும் செய்துவிட்ட ஆள் ஒருவர் இருந்தார். அவர் அவளைப் பெற்ற அப்பா. அந்தக் கதையை எந்தச் சேனலில் உட்கார்ந்து சொல்வது?

அப்பா பெயர் வெள்ளைத்துரை. பெயரில்தான் வெள்ளை; ஆள் நல்ல கறுப்பு, பார்க்க லட்சணமாக இருப்பார். தோட்டத்துக் கிணறுகளில் மோட்டார் எரிந்துபோனால் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டிக் கொடுக்கிற தொழில். கடை சமயநல்லூரில் இருந்தது, வீடு அலங்காநல்லூரை ஒட்டிய ஓர் ஊரில். அம்மா கனகலட்சுமி வீட்டில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பாள். இருந்த ஒண்ணேகால் ஏக்கர் வயலையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். முத்துமீனா ஒரே பிள்ளை.

அவளுக்கு ஆறு வயது நடக்கும்போது ஒரு நாள் அப்பா அம்மாவிடம் சொன்னார், "புள்ளைக்கு அடிக்கடி காய்ச்சல் வருது. மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழமை கூட்டிட்டு வாரேன்னு அழகர்கோயில் கருப்புகிட்ட நேந்திருக்கேன்." பதினெட்டாம்படிக் கருப்பு பெயரைச் சொன்ன பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். அம்மா பிள்ளைக்குத் தலை சீவி, பாவாடை சட்டை போட்டு அனுப்பிவைத்தாள்.

அழகர்கோயிலுக்குக் கிழக்கே போக வேண்டும். அப்பா வண்டியைத் தெற்கே திருப்பினார். பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்திருந்த முத்துமீனா, "கோயிலு அங்கிட்டுப்பா" என்று கையைக் காட்டினாள். "இங்கிட்டும் போகலாம்த்தா" என்றார் அப்பா.

வண்டி சமயநல்லூரில், கடைக்குப் பின்னால் இருந்த ஒரு தெருவில் போய் நின்றது. அந்த வீட்டில் தங்கப்பொண்ணு என்று ஒரு பெண் இருந்தாள். வாயெல்லாம் சிரிப்பாக வந்து முத்துமீனாவைத் தூக்கிக்கொண்டாள். குடிக்கப் பருத்திப்பால் கொடுத்தாள். "சித்தின்னு கூப்புடு" என்றார் அப்பா. முத்துமீனா கூப்பிட்டாள். யார் பருத்திப்பால் கொடுத்தாலும் அந்த வயசில் சித்தி என்று கூப்பிடத்தான் செய்வார்கள்.

திரும்பி வரும் வழியில் வாய்க்கால் பாலத்தில் அப்பா வண்டியை நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து ஒரு திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து மகளின் நெற்றியில் பட்டையாகப் பூசினார். பிறகு ஒத்திகை ஆரம்பமானது.

"அம்மா கேட்டா எங்க போனேன்னு சொல்லுவ?"

"கோயிலுக்கு."

"அப்படி மொட்டையாச் சொன்னா யாரு நம்புவா? கொரங்கு வந்து தேங்காமுறியப் புடுங்கிட்டுப் போச்சு, அப்பா கம்பெடுத்து வெரட்டுனாருன்னு சொல்லு. எங்க, சொல்லு பாப்போம்."

அவள் சொன்னாள். குரங்கு என்று சொல்லும்போது கண்ணைக் கொஞ்சம் விரிக்கச் சொன்னார். விரித்தாள். மனுஷனுக்கு இந்த விஷயத்தில் ஞானம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மோட்டார் கட்டுகிற கையில் சினிமா கிடைத்திருந்தால் பெரிய டைரக்டராக வந்திருப்பார். கடைசியாக, வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால், ஒன்று சொன்னார்: "சித்தி வீட்டுக்குப் போனது அம்மாவுக்குத் தெரிஞ்சா கெணத்துல விழுந்துருவா. செத்துப்போவா. பரவாயில்லையா?"

ஆறு வயசுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது? அன்று முதல் அம்மாவின் உயிர் தன் நாக்கில்தான் இருக்கிறது என்று அந்தப் பிள்ளை நம்பியது. சொல்லுகிற பொய்யில் ஓர் எழுத்துப் பிசகினாலும் மறுநாள் அம்மா கிணற்றில் மிதப்பாள் என்று நினைத்தது. அதனால்தான் பிசகாமல் சொன்னது. பள்ளிக்கூடத்தில் திருக்குறளைக் கூடத் திக்கித் திக்கி ஒப்பிக்கிறவள், வீட்டில் அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்கக் கேட்க, குரங்கு, தேங்காய், மொட்டை போட்ட பிள்ளை, தேரடியில் பார்த்த கிளி ஜோசியக்காரர் என்று அளந்துவிட்டாள். அப்பா சொல்லிக்கொடுக்காததையும் சேர்த்துக்கொண்டாள். வயசு ஏற ஏற அப்பாவே அசந்துபோகிற அளவுக்குச் சொல்லத் தெரிந்துகொண்டாள்.

அடுத்த வருஷம் தங்கப்பொண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்தது. முத்துக்குமரன் என்று பெயர் வைத்தார்கள். இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: அந்தத் தம்பி என்றால் முத்துமீனாவுக்கு உயிர். இடுப்பை விட்டு இறக்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று அவளும் காத்துக்கிடந்தாள். பிற்பாடு அவளைக் குற்றவாளி ஆக்குவதற்கு அந்தச் சந்தோஷமே போதுமானதாக இருந்தது.

ஆறு வருஷம் இப்படி ஓடியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். வெள்ளைத்துரை ஒரு தோட்டத்துப் பூசணியையே மறைத்திருந்தார். அது வெளியே வந்த விதம் இருக்கிறதே, அது எங்கள் ஊர்ப் பக்கம் மட்டும்தான் நடக்கும்.

முத்துக்குமரனுக்கு ஐந்து வயதானபோது தை மாதத்தில் காது குத்த நாள் வைத்தார்கள். காதுகுத்து என்றால் ஃப்ளெக்ஸ் வேண்டும். மதுரையைச் சுற்றி ஒருவன் பிறந்தாலும் இறந்தாலும் ஃப்ளெக்ஸ் வைக்காவிட்டால் நடந்ததாகவே சேர்த்தி இல்லை. அந்த ஃப்ளெக்ஸில் சொந்தக்காரர் முகம் ஒன்று விட்டுப்போனால்கூடப் பந்தியில் கை நனைக்காமல் எழுந்து போய்விடுவார்கள். அந்தப் பயத்தில், தாய்மாமன் என்கிற பொறுப்பில், தங்கப்பொண்ணின் அண்ணன் வெள்ளைத்துரையின் போனில் இருந்த படங்களையெல்லாம் ஒன்று விடாமல் அச்சாபீசில் கொடுத்துவிட்டான். ஆறு வருஷம் கட்டிக் காத்த ரகசியத்தை, யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று, பத்தடி உயரத்தில் சமயநல்லூர் ரோட்டோரம் நிறுத்திவைத்தார்கள். வெள்ளைத்துரை அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கனகம் இந்தப் பக்கம் எங்கே வரப்போகிறாள் என்று இருந்துவிட்டார்.

கனகலட்சுமி வந்தாள். பொங்கலுக்கு ஆரப்பாளையத்தில் இருக்கிற தம்பி காளை வீட்டுக்கு மகளோடு போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டு. நேர் ரோட்டை மறித்து, பஸ்ஸைச் சமயநல்லூர் வழியாகச் சுற்றிவிட்டார்கள். சமயநல்லூரில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பஸ்ஸும் நின்றது.

அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் இருந்த முத்துமீனா வெளியே பார்த்தாள். தம்பி முத்துக்குமரன் கறுப்புக் கண்ணாடி போட்டு நின்றான். இரண்டு பக்கமும் இரண்டு சிங்கங்கள். "தந்தை: மோட்டார் வெள்ளைத்துரை" என்று வெள்ளைச் சட்டையில் அப்பா கும்பிட்டுக்கொண்டிருந்தார். கீழே வட்டம் வட்டமாகச் சொந்தக்காரர்கள். மூன்றாவது வட்டத்தில், அம்மா தீபாவளிக்குத் தைத்துக் கொடுத்த பச்சைப் பாவாடை சட்டையில், அவள். "வருக வருக என வரவேற்கும் அன்பு அக்கா வெ. முத்துமீனா."

அவள் சடாரென்று ஜன்னல் ஷட்டரை இறக்கினாள். அந்தச் சத்தத்தில் அம்மா விழித்துக்கொண்டாள்.

"எந்த ஊருடி?"

அம்மா எதையும் பார்க்கக் கூடாது, பார்த்தால் செத்துப்போவாள், அவ்வளவுதான் அந்தப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குத் தெரிந்தது. எப்படியாவது அம்மாவை மறுபக்கம் இறக்கிக் கூட்டிப் போய்விட வேண்டும். "வாந்தி வருதும்மா, எறங்கிருவோம்" என்றாள்.

வாந்தி என்றால் எந்தத் தாயும் என்ன செய்வாள்? கனகலட்சுமி பதறிப்போய் மகளின் மேல் குனிந்து, இறக்கியிருந்த ஷட்டரைத் தூக்கி, அவள் தலையைப் பிடித்து வெளியே நீட்டினாள். நீட்டிவிட்டு நிமிர்ந்தவள் கண்ணுக்கு நேராக மூன்றாவது வட்டம் நின்றது.

பஸ் கிளம்பவில்லை. அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். நிதானமாகப் படித்து முடிக்கிற அளவுக்கு நேரம் இருந்தது. முந்தானையால் மகளின் வாயைத் துடைத்துவிட்டாள். வாந்தியே வரவில்லை, இருந்தாலும் துடைத்தாள்.

"அது ஒன் போட்டாதான?"

"இல்லம்மா, யாரோ என்னைய மாதிரி..." என்றாள் முத்துமீனா. பெயரே கீழே எழுதியிருக்கிறது. ஆறு வருஷத்தில் அவள் சொன்ன ஒரே மோசமான வசனம் அதுதான்.

காளை வந்தார். வீட்டில் பேச்சு நடந்தது. வெள்ளைத்துரை எதையும் மறுக்கவில்லை. மறுப்பதற்கு ஃப்ளெக்ஸ் எதையும் மிச்சம் வைக்கவில்லை. "ஆமா மாப்ள, நடந்தது நடந்துபோச்சு. ரெண்டு வீட்டையும் கொறையில்லாமத்தான் பாத்துக்கிறேன்" என்றார்.

அதுவரை சுவரோரம் உட்கார்ந்திருந்த கனகலட்சுமி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அந்தக் கழுதை எக்கேடோ கெட்டுப் போகட்டும். எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். எம்புள்ளைய எங்கிட்டப் பொய் சொல்லச் சொல்லிப் பழக்குனது இவரா, இல்ல புள்ள தானாவே சொன்னாளா? இவருதான்னா இந்த நிமிசமே நான் எந்தம்பி வீட்டுக்குப் போறேன்."

"அப்பாதாம்மா சொல்லச் சொன்னாரு" என்று முத்துமீனா கத்தினாள். ஆறு வருஷமாகத் தேக்கிவைத்தது எல்லாம் அந்த ஒரு வரியில் வந்தது. அம்மா அதை நம்பிவிட்டால் போதும், உலகத்தில் வேறு எது இடிந்து விழுந்தாலும் அவளுக்குக் கவலையில்லை.

வெள்ளைத்துரை மகளைப் பார்க்கவில்லை. "நான் எதுக்குச் சொல்லச் சொல்றேன்? தம்பிப் பயலத் தூக்கி வச்சுக்கிறலாம்ன்ற ஆசை. அம்மா தெரிஞ்சா விடாதுன்னு அவளாச் சொல்லிக்கிட்டா. நானே ஒரு மாசம் கழிச்சுத்தான் கேட்டு அசந்துபோனேன்" என்றார்.

"அழகர்கோயிலுக்கு வாங்க மச்சான். சூடம் அணைச்சு சத்தியம் பண்ணுங்க" என்றார் காளை.

இது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. போலீஸ் ஸ்டேஷனில் பொய் சொல்லலாம், கோர்ட்டில் சொல்லலாம். கருப்பு சந்நிதியில், சந்தனம் அப்பிய அந்த மூடிய கதவுக்கு முன்னால், எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துப் பொய் சத்தியம் பண்ணினவன் குடும்பம் விளங்காது என்பார்கள். அங்கே அணைத்துவிட்டால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. பஞ்சாயத்து முடிந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை நால்வரும் ஷேர் ஆட்டோவில் போனார்கள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அம்மாவிடம் வர்ணித்த கோயிலை முத்துமீனா அன்றுதான் முதல் தடவையாக நேரில் பார்த்தாள். குரங்குகள் இருந்தன. தேங்காய்முறியையும் பிடுங்கத்தான் செய்தன.

அப்பா சூடம் ஏற்றினார். "கருப்பா, எம்மகளைப் பொய் சொல்லச் சொல்லி நான் பழக்கல" என்றார். குரல் நடுங்கவே இல்லை. கையை வைத்து அணைத்தார்.

"நானும் அணைக்கிறேன் மாமா" என்று முத்துமீனா காளையின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அவரு பொய் சொல்றாரு. நானும் சத்தியம் பண்றேன், விடுங்க மாமா." காளை அவள் கையைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். "சின்னப்புள்ளைக சத்தியம் பண்ணக் கூடாது. ஏதாச்சும் ஆகிப்போகும்" என்றார். அவர் அன்பில்தான் சொன்னார். அந்த அன்பு அவள் வாயை அடைத்துவிட்டது. அவளுடைய உண்மையை வைப்பதற்கு அந்தக் கோயிலில் இடமே இல்லை.

அம்மா கதவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "சரி, வாங்க" என்றாள். கோயில் தோசை இரண்டை அப்பா அங்கேயே தின்றார், இரண்டை மடித்து வாங்கிக்கொண்டார். அவருக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருஷமும் ஆகவில்லை. இன்று வரைக்கும் சர்க்கரை வியாதியைத் தவிர அவருக்கு ஒரு குறையும் இல்லை. கருப்பு மேல் முத்துமீனாவுக்கு வந்த கோபம் அதற்குப் பிறகு தணியவே இல்லை.

அப்பா பழையபடி இரண்டு வீட்டுக்கும் போய் வந்தார், இப்போது பகிரங்கமாக. தம்பியை மட்டும் அவள் பார்க்கக் கூடாது என்று ஆனது. அம்மா அப்பாவுக்கு வழக்கம்போலச் சோறு போட்டாள், சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். மகளை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. மகள் வாயிலிருந்து வருகிற எதையும் நம்புவதில்லை, அவ்வளவுதான். தலைவலி என்றால் "நடிக்காதடி." டீச்சர் பாராட்டினார் என்றால் "நடிக்காதடி." பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைந்து, அந்த ஒரு சொல்லே வீட்டில் அவள் பெயர்போல ஆகிவிட்டது.

பத்தாம் வகுப்பு படிக்கும்போது இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாள் என்றாள் அம்மா. மூன்றாம் நாள் தெருக்குழாயடியில் விழுந்தவளைப் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் ஆட்டோவில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குடல்வால் வீங்கி வெடிக்கிற நேரம். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இப்போதாவது ஏதாவது சொல்வாள் என்று முத்துமீனா அவள் முகத்தையே பார்த்தாள். அம்மா கஞ்சியை ஆற்றி ஊட்டினாள்.

கல்லூரிக்கு மதுரை போனாள். நோட்டீஸ் போர்டில் நாடகத்துக்கு ஆள் தேவை என்று பார்த்துச் சேர்ந்தாள். திருட்டுப் பட்டம் கட்டிய வீட்டுப் பிள்ளை சாவி செய்கிற கடையில் வேலைக்குப் போன கதைதான். வீட்டில் சொன்னபோது, "அது ஒனக்கு ஏற்கெனவே வரும்ல" என்றாள் அம்மா. ஆனால் மேடை ஏறிய முதல் நாளே முத்துமீனாவுக்கு ஒன்று விளங்கியது: இங்கே அவள் சொல்வது பொய் என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்தே டிக்கெட் எடுத்து வந்து நம்புகிறார்கள். உண்மையைச் சொன்னால் நம்பாத வீட்டிலிருந்து வந்தவளுக்கு இது போதாதா?

இருபத்திரண்டு வயதில் முதல் படம். சோழவந்தான் பக்கம் ஷூட்டிங், துஷ்டி வீட்டுக் காட்சி, இறந்தவனின் தங்கச்சி வேஷம். மற்றவர்கள் கிளிசரின் கேட்டு நின்றபோது அவள் கேட்கவில்லை. கேமராவை அவள் பக்கம் திருப்பி ஒரு நிமிஷத்துக்கு மேல் எடுத்தார்கள். டைரக்டரே வந்து, "டைட்டில்ல ஒன் பேரு வருதும்மா" என்றார். அவள் அதை நம்பினாள். இவ்வளவு பட்டவள் நம்பலாமா என்று கேட்டால், பட்டவர்கள்தான் நம்புவார்கள். ஊர் முழுக்கச் சொன்னாள். அம்மாவிடம் மூன்று தடவை சொன்னாள். படம் வந்தது. சிநேகிதிகளோடு முதல் நாளே தியேட்டரில் உட்கார்ந்தாள். துஷ்டி வீட்டுக் காட்சியில் பாடை போனது, பறை போனது, அவளைக் காணோம். டைட்டிலிலும் இல்லை. நீளம் கருதி எடுத்துவிட்டோம் என்று போன் செய்து சொல்லக்கூட அங்கே ஆள் இல்லை. ஊரில், "வெள்ளைத்துரை மக விட்ட கப்சாவப் பாத்தியா" என்று சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. "அதான எனக்குத் தெரியும்" என்று தையல் மெஷினை மிதித்தாள்.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் சென்னையில் அலைந்தது பெரிய கதை. சினிமாவுக்குப் போன எல்லாருக்கும் உள்ள கதை. இரண்டாவது படத்தில் யாரும் வெட்டியெறிய முடியாத வேஷம் கிடைத்தது. புருஷனைக் காப்பாற்றக் கோர்ட்டில் பொய்ச்சாட்சி சொல்லும் பெண். கூண்டில் நின்று அவள் பேசுகிற காட்சியைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். மதுரைத் தியேட்டரில் அந்த இடத்தில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள் என்று காளை மாமா போனில் சொன்னார். கூடவே, "அக்காவையும் கூட்டிட்டுப் போயிருந்தேன்" என்றார்.

அதைக் கேட்டதும் முத்துமீனா பஸ் ஏறிவிட்டாள். இருபத்தாறு வயது ஆகியும், பத்திரிகைகளில் படம் வந்தும், அவளுக்கு வேண்டியது பன்னிரண்டு வயதில் கேட்ட அதே ஒன்றுதான். அம்மா நம்ப வேண்டும். பொய் சொல்லச் சொன்னது அப்பாதான் என்பதை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நம்ப வேண்டும்.

மத்தியான நேரம். அப்பா சமயநல்லூரில் இருந்தார். அம்மா கூடத்தில் முறத்தை வைத்துக்கொண்டு மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். முத்துமீனா எதிரில் உட்கார்ந்து தானும் ஒரு பிடி எடுத்துக்கொண்டாள்.

"படம் பாத்தியாம்மா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் செஞ்சிருக்க." அம்மா ஒரு காயை உரித்து முடித்தாள். "சின்னப்புள்ளையில இதைவிட நல்லாச் சொல்லுவ."

"அப்பயெல்லாம் நீ நம்புனேல்ல, அதான்."

"நான் எங்கடி நம்புனேன்?" என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. "காலையில எடது வகுடு எடுத்து, ரெட்டைச் சடை இறுக்கிப் போட்டு அனுப்புவேன். சாயங்காலம் நடு வகுடா வருவ. எந்தக் கோயில்லடி தலை சீவி விடுறாக? மூணாவது வாரமே தெரிஞ்சுபோச்சு. யாரு, எந்தத் தெருன்னு விசாரிக்க இன்னொரு வாரமாச்சு."

முத்துமீனா கையிலிருந்த மொச்சையை முறத்தில் வைத்தாள். "தெரிஞ்சுக்கிட்டேவா கேட்டுக்கிட்டு இருந்த? ஆறு வருசமா?"

"கேக்க நல்லாருந்துச்சு. நீ சொல்ற அம்புட்டு நேரமும் அந்தாளு நெசமாவே கோயிலுக்குத்தான் போயிருக்காருன்னு தோணும். பொறவு பஸ்ஸுல வரையில ஊரே பாக்கிற மாதிரி போர்டு வச்சுட்டாக. அதுக்கு மேல தெரியாத மாதிரி இருக்க முடியுமா?"

"அப்ப அப்பா சூடம் அணைச்சது?"

"பொய் சத்தியம் பண்ணுவாருன்னு தெரிஞ்சுதான் கூட வந்தேன். உம்மையச் சொல்லிட்டா நான் சொன்ன சொல்லுக்குக் காளை வீட்டுக்குப் போயிருக்கணும். அங்க போயி அவன் பொண்டாட்டி கையில சோறு வாங்கித் திங்கவா? சத்தியம் பண்ணிட்டாரு, நம்பிட்டேன்னு சொல்லி இங்கனயே இருந்துக்கிட்டேன்."

பொய் சொல்லச் சொன்னது அப்பாதான் என்பது அம்மாவுக்கு எப்போதுமே தெரியும். பதினாலு வருஷமாக வேண்டிக்கொண்டது கைக்கு வந்துவிட்டது. அப்பா செய்த துரோகத்தோடு வாழ முத்துமீனா பழகியிருந்தாள். அவரை வெறுப்பது சுலபமாக இருந்தது, வெறுக்க வெறுக்க அம்மா பக்கம் இன்னும் நெருங்கி உட்காரலாம் போல இருந்தது. இப்போது உட்கார எந்தப் பக்கமும் இல்லை. குழாயடியில் விழும்வரை வலித்த அந்த வயிற்றுவலி உண்மை என்றும் அம்மாவுக்குத் தெரிந்திருக்குமோ என்று நினைத்தாள். அதைக் கேட்கப் பயமாக இருந்தது.

"பொறவு ஏம்மா என்னைய மட்டும் இத்தன வருசம்..."

"யாரு மேலயாச்சும் கோவப்படணும்லடி" என்றாள் கனகலட்சுமி. "அவரு மேல கோவப்பட்டா ஒரேடியா அங்கிட்டே போயிருவாரு. நீ எங்க போவ?"

வெளியே யாரோ வைக்கோல் ஏற்றிய டிராக்டரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப எனக்குப் போறதுக்கு எடம் இருக்கும்மா" என்றாள் முத்துமீனா.

"தெரியும்" என்றாள் அம்மா. "அதான் இப்பச் சொன்னேன்."

சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்து உரித்தாள். முத்துமீனா எழுந்து பையை எடுத்துக்கொண்டாள்.